யானைக்கு ஆறு மாதச் சிறை

வெகு காலத்துக்கு முன்னால் பாலைவேலி என்றொரு நாட்டை வச்சிரவாகன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மதியம் ஒரு புத்தி. காதருகே கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே அன்றைக்குச் சட்டம். பெரும்பாலும் அங்கே நின்று பேசியவர் படைத்தலைவர் இடும்பராயர். அவருக்கு அமைச்சர் தீர்த்தகிரியைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் சபையில் இடும்பராயர் மீசையைத் தடவிக்கொண்டு, "மகாராஜா, சிறை நிரம்பி வழிகிறது. பொக்கிஷத்திலிருந்து பொன் கொடுத்தால் இதைவிடப் பெரிதாக ஒரு புதுச் சிறை கட்டிவிடுகிறேன்" என்றார்.

"உள்ளே இருப்பவர்கள் யார் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார் தீர்த்தகிரி. "பாதிப் பேர் திருடவில்லை, கொல்லவில்லை. மனம் கலங்கித் தெருவில் கத்தியவர்கள். அந்தப் பொன்னை என்னிடம் கொடுங்கள், மகாராஜா. இவர்களிடம் ஈட்டிக்காரனை அனுப்பாமல், ஒரு வைத்தியரையும் பக்குவமாகப் பேசத் தெரிந்த நாலு பேரையும் அனுப்புகிறேன். தங்கவைத்துத் தேற்ற ஒரு மனை கட்டுகிறேன்."

"பைத்தியத்துக்கு விருந்து மாளிகையா?" என்று சிரித்தார் இடும்பராயர்.

அப்போது ஒரு பெண் வாசல் காவலரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குயவன் வேம்பனின் மனைவி, செவ்வந்தி.

"மகாராசா, எம் புருசன் பைத்தியம் இல்ல. போன மாசம் வெள்ளத்துல எங்க பிள்ளை போயிருச்சு. அன்னையில இருந்து அவருக்குத் தூக்கமே கிடையாது. சந்தையில நின்னு பிள்ளை பேரைச் சொல்லிக் கத்துனாரு, தான் செஞ்ச பானையைத் தானே போட்டு உடைச்சாரு. விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போய்ட்டாங்க. அஞ்சு நாளா ஒரு வாய் சோறு இறங்கல. ஆறு மாசம் சிறைன்னு சொல்றாங்க. அவ்வளவு நாள் உள்ள கிடந்தா உசுரோட வரமாட்டாரு. அவரைக் கூட்டிட்டுப் போகாம நான் நகரமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சபை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜாவின் மனம் கொஞ்சம் இளகியது. இடும்பராயர் சும்மா இருப்பாரா? காதருகே குனிந்தார்; ஆனால் குரல் சபைக்கே கேட்டது.

"மகாராஜா, இன்றைக்கு இவனை விட்டால் நாளைக்கு எல்லாரும் மனக்கலக்கம் என்பார்கள். ஏன் செய்தான் என்பது நமக்கு எதற்கு? கலகம் செய்தானா, இல்லையா?"

ராஜா நிமிர்ந்தான். "சரியான பேச்சு! சந்தையில் கலகம் செய்தால் யாராக இருந்தாலும் ஆறு மாதம் சிறை!"

"யாராக இருந்தாலுமா, மகாராஜா?" என்றார் தீர்த்தகிரி.

"என் அரண்மனையிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும்! ஐயா, உமக்கு நாளை சூரியன் மறையும்வரை அவகாசம். மனம் கலங்கியவரைச் சிறையில் போடுவது தவறு என்று என் வாயாலேயே சொல்லவையும். சொல்லவைத்தால் பொன் உமக்கு. இல்லாவிட்டால் புதுச் சிறையின் முதல் கைதி நீர்தான்!"

இடும்பராயருக்கு வாயெல்லாம் பல்.

"உங்களால முடியுமா, சாமி?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"முடியாமல் விடப்போவதில்லை, அம்மா."

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ராஜாவுக்கு மலைக்கொழுந்து என்றொரு பட்டத்து யானை உண்டு. அரண்மனைக் கொட்டிலில் பிறந்தது. ராணியைவிட அதன்மேல்தான் ராஜாவுக்குப் பிரியம் என்று ஊரில் பேச்சு, ராணியும் மறுத்ததில்லை. எட்டு நாளுக்கு முன் அதற்கு மதம் பிடித்து, சந்தையில் புகுந்து பதினோரு கடைகளையும் இடும்பராயரின் பல்லக்கையும் நொறுக்கிவிட்டது. இப்போது ஆற்றங்கரைத் தோப்பில் கட்டிவைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ராஜா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பாகன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மகாராசா, அமைச்சர் சிறைக் காவலரோட வந்து நம்ம யானையைக் கைது பண்றாரு!"

ராஜா தோப்புக்கு ஓடினான். இடும்பராயரும் பின்னால் ஓடினார். அங்கே கொல்லன் ஒருவன் எட்ட நின்று, யானைக் காலுக்கு எத்தனை முழம் விலங்கு வேண்டும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தான். சிறை வாசலை எவ்வளவு இடிக்கவேண்டும் என்று கொத்தன் யோசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தீர்த்தகிரி; அவருக்குப் பின்னால் செவ்வந்தி.

"உமக்கு என்ன கேடு வந்தது?" என்று கத்தினான் ராஜா.

"சந்தையில் கலகம், மகாராஜா. ஆறு மாதம்."

"அதற்கு மதம் பிடித்திருந்தது, ஐயா!"

"ஏன் செய்தது என்பது நமக்கு எதற்கு? படைத்தலைவர் சொன்னாரே."

"அது தன் நிலையிலா இருந்தது? ஈட்டியைக் காட்டினால் இன்னும் மிரளும் என்றுதானே காவலரைத் தடுத்துப் பாகனை அனுப்பினேன்! நிழலில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, பழகின குரலில் பேசினால் மெல்ல அடங்கும். இருட்டறையில் அடைத்தால் செத்தே போகும்! தன் நிலையில் இல்லாத ஜீவனைச் சிறையில் போடுவது மகா தவறு!"

சொன்ன வாய் அப்படியே நின்றது.

தீர்த்தகிரி சிரிக்கவில்லை. அவருக்கு அன்று கோபம்தான் இருந்தது. "மலைக்கொழுந்துக்கு மதம் பிடித்தால் நான்கு பாகர், ஒரு வைத்தியர், தோப்பு, கரும்பு, எல்லாம் பொக்கிஷத்திலிருந்து வருகிறது. வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. வேம்பனுக்கு வந்தது விலங்கு மட்டும்தான்."

இடும்பராயர் பாய்ந்தார். "யானையும் குயவனும் ஒன்றா? இந்த யானை போனால் இன்னொன்று கிடைக்குமா?"

"எனக்கு மட்டும் இன்னொரு வேம்பன் கிடைப்பாரா, ஐயா?" என்றாள் செவ்வந்தி.

ராஜாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பொன் முழுவதும் மனைக்கே" என்றான்.

"இந்த ஒரு தடவை போதாது, மகாராஜா" என்றார் தீர்த்தகிரி. "யானைக்குப் பொன் ஆண்டுதோறும் வருகிறது."

"ஆண்டுதோறும் வரும். அமைச்சரே, உமது அறிவுக்கு என் முத்துமாலை. இடும்பராயரே, மனையிலிருந்து போகும் நாலு பேரோடு ஓராண்டு நீரும் போகவேண்டும், ஈட்டி இல்லாமல். முதலில் வேம்பனின் விலங்கை உம் கையாலேயே கழற்றும்."

செவ்வந்தி பக்கத்தில் நிற்க, இடும்பராயர் சிறையில் குனிந்து விலங்கைக் கழற்றினார். வேம்பன் நிமிர்ந்து பார்த்து, "எம் பிள்ளையைப் பாத்தீங்களா? ஆத்துப் பக்கம் போனான்" என்றான். எத்தனையோ போர் கண்ட மனிதர் விலங்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நான் என்னம்மா சொல்லவேண்டும்?" என்று செவ்வந்தியிடம் கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். செத்த நேரம் பக்கத்துல உட்காருங்க."

படைத்தலைவர் ஈரத் தரையில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து, செவ்வந்தி நீட்டிய கஞ்சியை வேம்பன் வாங்கிக் குடித்தான். தேறித் திரும்பச் சக்கரத்தில் கைவைக்க அவனுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

ராஜா விதித்த ஓராண்டும் ஒருநாள் முடிந்தது. மறுநாள் காலையிலும் இடும்பராயர் வெறுங்கையோடு மனை வாசலில் வந்து நின்று, "இன்றைக்கு எந்தத் தெரு?" என்று கேட்டார்.