கைக்குட்டையில் பிழிந்த மழை

கலாமணி டீச்சரிடம் ஓவியம் கற்றுக்கொள்பவர்களில் எல்லோருக்கும் மூத்தவர் சென்னியப்பன். டீச்சரைவிடவே வயதில் மிகப் பெரியவர். அரசாங்க என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தூரிகையைத் தொட்டார். அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை அண்ணா என்பார். யார் யாருக்குக் குரு என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

கோபிப் பக்கம் சென்னியப்பனுக்கு ஒரு பழைய மஞ்சள் கிடங்கு இருந்தது. மனைவி ருக்குமணி இறந்த பிறகு அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, தான் வரைந்த படங்களை மாட்டி, ருக்குமணி பெயரில் ஓவியக்கூடம் ஆக்கினார். குறை சொல்ல முடியாத வேலை. எந்தச் சுவரில் ரசமட்டம் வைத்தாலும் குமிழி நடுவிலேயே நிற்கும்.

முதல் வருஷத் திவசத்தன்று உறவுக்காரர்கள் வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். சாப்பிடப் போய்விட்டார்கள். மகள் மட்டும் வாசலில் நின்று, "சுத்தமா இருக்குதுங்கப்பா" என்றாள். அம்மா பெயர் எழுதிய இடத்தில் அவளுக்கு வேறு எதுவும் சொல்லக் கிடைக்கவில்லை.

சென்னியப்பனாலும் அங்கே ஐந்து நிமிஷம் உட்கார முடிந்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

போதாக்குறைக்கு ஒரு காற்று மழையில் தென்னை மட்டை விழுந்து, கூடத்தின் நடுவில் கூரை ஓடு உடைந்தது. காளியண்ணன் மேஸ்திரி தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ஓடுகளையெல்லாம் எடுத்துவிட்டு மொத்தமாகக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார். சென்னியப்பனும் சரி என்றார்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஜப்பானுக்குக் கிளம்பினார். அங்கே படித்தவர், பாஷை தெரிந்தவர். இந்த முறை நகரங்கள் வேண்டாம், வயல்காட்டு நடுவிலும் மலையடிவாரத்திலும் இருக்கிற நவீன ஓவிய மியூசியங்களை மட்டும் பார்க்கப் போகிறேன் என்றார்.

"நானும் வாறேங் டீச்சர். பாத்துட்டு வந்து ஒரு முடிவு பண்றேன். சரிப்படலைன்னா தை மாசம் பழையபடி மஞ்சளுக்கே விட்டுடறேன்" என்றார் சென்னியப்பன்.

டீச்சர் குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரே ஒரு பெட்டி உள்ள ரயிலில் மலைகளுக்கு நடுவே போனார்கள். அறுப்பு முடிந்த வயல்கள். ஆளில்லாத ஸ்டேஷன்கள். சென்னியப்பன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று கேட்டார்.

"டீச்சர், ஒரு கட்டடத்துக்கு உசுரு எங்கிருந்துங் வருது?"

"டிக்கெட்டப் பத்தரமா வெச்சுக்குங்கண்ணா. எறங்கறப்பக் கேப்பாங்க" என்றார் டீச்சர்.

முதலில் பார்த்தது ஒரு பள்ளிக்கூடம். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போனது. ஓவியர் ஒருவர் வகுப்பறைப் பெஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டு, ஜன்னல் வழியே விழும் மரநிழலைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். அவ்வளவுதான் படைப்பு. நிழல் கோட்டை விட்டுத் தள்ளிக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் நிழல் மெல்ல நகர்ந்து வந்து கோட்டுக்குள் படுத்தது. கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு போய்விட்டது.

சென்னியப்பன் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"பள்ளிக்கொடத்துல பையன் வந்துட்டுப் போன மாதிரி இருக்குதுங் டீச்சர்."

"ம்."

அடுத்தது மலைக்குள் புதைத்துக் கட்டியது. வெளியே வயலும் ஒரு கதவும் மட்டும்தான் தெரியும். உள்ளே போனால் கான்கிரீட் சுவர், மேலிருந்து இறங்கும் வெளிச்சம், ஒரே ஒரு கறுப்புப் படம். சென்னியப்பன் படத்தைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார். கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவினார்.

"கான்கிரீட் ஊத்தறப்பப் பலகை வெச்ச கோடு அப்படியே விழுந்திருக்குது பாருங். ஒரு எடத்துல பொத்தல் இல்லை. இப்படி ஒரு சொவத்த நாம் பாத்ததே இல்லீங்." நாற்பது வருஷம் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டிய மனிதருக்குத்தான் அதன் அருமை தெரியும். சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். அங்கிருந்த காவலர் குனிந்து வணங்கி, இரண்டு கைகளையும் நீட்டி, அதை வாங்கி வைத்துக்கொண்டார். இவர்கள் திரும்பும்போது ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு வணங்கிக் கொடுத்தார்.

வெளியே வந்து சென்னியப்பன் மறுபடியும் கேட்டார். "அந்தச் சொவத்தளவுக்கு நம்ம சொவுரும் நேராத்தானுங் இருக்குது. அப்பறம் ஏன் அதுல உசுரு இல்லை?"

"பசிக்குதுங்கண்ணா" என்றார் டீச்சர். இருவரும் ஸ்டேஷன் பக்கம் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். எத்தனை நல்ல படத்துக்கு நடுவிலும் டீச்சருக்கு நேரத்துக்குப் பசிக்கும்.

கடைசி மியூசியத்துக்குப் போன நாள் காலையிலிருந்தே மப்பாக இருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் அவர்களை வயல் நடுவே இறக்கிவிட்டுப் போனார். மழை பிடித்துக்கொண்டது.

வாசலில் குடையை மாட்டிப் பூட்டச் சின்னப் பூட்டுகள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு தடவைக்குச் சிலரைத்தான் உள்ளே விடுவார்களாம். முறை வந்ததும் ஒரு பணிப்பெண் வழிகாட்டினாள். சாம்பல் நிற உடை போட்டிருந்தாள், பேச்சு வெறும் கிசுகிசுப்பு.

உள்ளே ஒரு பெரிய கூடம். தூண் இல்லை. படம் இல்லை. சிலை இல்லை. ஐந்தாறு பேர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தார். தூண் இல்லாமல் அவ்வளவு அகலத்துக்கு நிற்கும் கூரையைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கும்பிட்டது.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. கூரையின் நடுவே, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே மழை வரிசையாக விழுந்துகொண்டிருந்தது.

"டீச்சர்" என்று காதோரம் சொன்னார். "ஜாயிண்ட் உட்டுப்போச்சுங். ஒழுகுது."

டீச்சர் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

சென்னியப்பனும் உட்கார்ந்தார். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. விழுந்த தண்ணீர் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, தரையில் நெளிந்து வந்தது. இத்தனை அருமையான கட்டடம், இப்படி ஒழுகவிட்டுவிட்டு யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு நீர்ச் சரடு, எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளின் பாவாடையை நோக்கிப் போனது.

என்ஜினியர் எழுந்தார். பையிலிருந்து சலவைக் கைக்குட்டையை எடுத்து உதறினார். முழங்காலிட்டு, அந்தச் சரடை அடியிலிருந்து நுனி வரை சுத்தமாகத் துடைத்து எடுத்தார்.

கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

பணிப்பெண் வந்தாள். அவளும் அவருக்கு எதிரே முழங்காலிட்டாள். தரையில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து ஏதோ சொன்னாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து இவரும் குனிந்தார்.

"என்னங் டீச்சர் சொல்லுது அந்தப் புள்ள?"

"உங்களுக்கு எடைஞ்சலாயிருச்சு, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லுது."

"எடைஞ்சலா? எதுனாலங்?"

டீச்சர் எழுந்து வந்து கையை நீட்டினார். சென்னியப்பன் கைக்குட்டையைக் கொடுத்தார். டீச்சர் அதை, அவர் துடைத்த அதே இடத்துக்கு மேலே பிடித்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார்.

சொட்டுகள் விழுந்தன. கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு ஒன்று அசைந்து பக்கத்திலிருந்ததைத் தொட்டது. இரண்டும் சேர்ந்து நகர்ந்தன.

சென்னியப்பனுக்கு அப்போதுதான் தரை கண்ணில் பட்டது. தண்ணீர் ஓடச் சரிவாக வாட்டம் வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வாட்டம், ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு விதமாக. தண்ணீர் எங்கே தயங்க வேண்டும், எங்கே சேர வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் பூசியிருக்கிறார். அந்த அம்மாளின் பாவாடைக்கு ஒரு சாண் முன்னால் சரடு தானாகத் திரும்பியது. சுவரடியில் இருந்த ஒரு துவாரத்தை அடைந்து வெளியே வயலுக்குப் போனது.

அவர் அதை முழுக்கப் பார்த்தார். அது போன பிறகு அடுத்ததைப் பார்த்தார். மழை வலுத்தபோது கூடம் முழுக்கச் சத்தமாக இருந்தது. விட்டபோது வெளியே ஒரு பறவை கத்தியது கேட்டது. அவர்கள் போக வேண்டிய பஸ் போய்விட்டது. இருட்டப் போகிறது, மூட வேண்டும் என்று பணிப்பெண் வந்து வணங்கிச் சொல்லும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. வாசலில் அவர் செருப்பை, போட்டுக்கொண்டு கிளம்ப வசதியாக, வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு தகரக் கூரை. அதன் கீழ் இருவரும் உட்கார்ந்தார்கள். சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"மழை பேஞ்சா ருக்குமணி அக்கா என்ன பண்ணுவாங்கண்ணா?" என்று டீச்சர் கேட்டார்.

சென்னியப்பன் சிரித்தார். அது அவர் பலமுறை சொல்லிச் சிரிக்கவைத்த கதை.

"கல்யாணமான புதுசுல நாங்க இருந்த ஊட்ல, நடு ஆசாரத்துல, கூடத்துக்கு நடுவுலயே ஒழுகும்ங். என்ஜினியர் ஊடு ஒழுகுதுன்னு ஊரே சிரிக்கும். ருக்குமணி ஒரு பித்தளைச் சட்டிய அதுக்கு நேரா வெச்சுட்டு, பக்கத்துல உக்காந்துக்கும். வெங்காயம் உரிக்கறது, பூக் கட்டறது எல்லாம் அங்கதான். நானும் போயி உக்காந்துக்குவேன். மழை நாள்ல எங்களுக்கு அதுதான் எடம். அப்பறம் நானே மேல ஏறி, தார் ஊத்தி, பக்காவா அடைச்சுட்டனுங்."

"செரி."

"அடுத்த மழைக்கு ருக்குமணி மறந்துபோயி மறுக்காவும் சட்டியக் கொண்டாந்து வெச்சுட்டு உக்காந்துருச்சுங். ஒரு சொட்டு விழுகலை. நாஞ் சிரிச்சேன். அதுவுஞ் சிரிச்சுது. அப்பறம் சட்டிய எடுத்துட்டு..."

அவர் நிறுத்தினார். இந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சென்னியப்பன் ஈரக் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"சட்டிய எடுத்துட்டு உள்ள போயிருச்சுங் டீச்சர்" என்றார். "அப்பறம் நாங்க அங்க உக்காரவே இல்லை."

தகரக் கூரை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. காளியண்ணன் மேஸ்திரி.

"ஏனுங் சார், கூரைக்குச் சென்ட்ரிங் பலகை கட்டியாச்சுங். கம்பியும் வந்துருச்சு. மூட்டம் போட்டிருக்குது, மழைக்கு முன்ன நாளைக்கே ஊத்தி ஓட்டைய அடைச்சரலாங்களா?"

"ஒரு நிமிஷம் இருங்க மேஸ்திரி" என்று சென்னியப்பன் போனை மடியில் கவிழ்த்தார்.

"டீச்சர், அந்த ஓடு உடைஞ்ச எடத்த அப்படியே உட்டுறலாம்னு தோணுது. கீழ தரைக்கு வாட்டம் மட்டும் வெச்சுக்கறேன். ஒரு பித்தளைச் சட்டி ஊட்ல இன்னும் இருக்குது." அவர் டீச்சர் முகத்தைப் பார்த்தார். "ஆனா நடுவுல தொங்கவிட்டிருக்கற படமெல்லாம் நனைஞ்சுபோயிருமேங். ரண்டு வருசம் வரைஞ்சது. அதுக்கு என்னங் பண்றது?"

தூரத்தில் பஸ் விளக்கு திரும்பியது. டீச்சர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"படத்தத் தள்ளி மாட்டிக்கலாங்கண்ணா" என்றார்.