பாக்கியம்மாள் பேர் போட்ட வளையம்

ஒரு ஊர்ல ஒரு தெரு. தெரு பூரா சிமெண்ட்டு, நடுவுல ஒரே ஒரு புங்க மரம். அந்த நிழல்லதான் மாசிலாமணித் தாத்தாவோட இஸ்திரி வண்டி. "ம்" கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

"ம்."

மரத்தை வெச்சதே தாத்தாதான், செத்துப்போன அவங்க அம்மா நினைவா. சுத்தி இரும்புக் கூண்டு போட்டு, மேல் வளையத்துல 'பாக்கியம்மாள்'னு பெயிண்ட்ல எழுதி வெச்சார். அப்புறம் மரம் பெருத்துச்சு. இரும்பு பெருக்குமா?

அப்போ, எட்டாவது படிக்கிற ஷமீமா துணி வாங்க வந்தா. பார்த்தா, வளையம் பட்டையைத் தொட்டிருச்சு.

"தாத்தா, இலை சமைக்கிற சோறு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கும். வளையத்தை அறுத்திருங்க."

"எங்கம்மா பேரை அறுக்கவா? போ புள்ள, பரீட்சையில எழுது!"

தெருவே சிரிச்சுது.

அப்புறம் ஒரு வருஷம். வளையத்துக்கு மேல பட்டை புடைச்சுக்கிச்சு. ஷமீமா அறிவியல் டீச்சரையே கூட்டிட்டு வந்தா; அவங்களும் அறுக்கத்தான் சொன்னாங்க.

"தினம் ரெண்டு குடம் ஊத்தறேன், டீச்சர்," சளக் சளக்னு ஊத்திக் காட்டினார் தாத்தா. தண்ணி மேல ஏறும் சரி, சோறு கீழ இறங்க வேணாமா? பாசம் இருந்தா பாடம் பொய்யாயிடுமா? நீயே சொல்லு!

"ஆகாது சித்தி."

மூணாவது தடவை அவ வந்தப்போ, இலை பொலபொலன்னு கொட்டுச்சு. ஷமீமா வாதாடல. துணி மூட்டையிலேர்ந்து நூலை உருவி, தாத்தா விரல்ல இறுக்கிக் கட்டினா. விரல் கருநீலமாச்சு.

"ஐயோ, அவிழு புள்ள, வலிக்குது!"

"உங்களுக்கு வாய் இருக்கு தாத்தா."

மறுநாளே ரம்பம் வந்துச்சு. பாதி வளையம் மரத்துக்குள்ள புதைஞ்சிருந்துச்சு. கர்ர்... கர்ர்... பேரை அறுத்து எடுத்தார். ஆனா வேர் எப்பவோ பட்டினியில செத்துப்போச்சு. நாலாம் நாள் ஹோன்னு காத்து. மடார்! வளையம் இறுக்கின இடத்துலயே மரம் முறிஞ்சு, வண்டி மேலயே விழுந்துச்சு.

"தாத்தாவுக்கு..?"

ஒண்ணும் ஆகல. கொளுத்துற வெயில்ல நின்னார். "இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா புள்ள?"

"மூணு தடவை சொன்னேன் தாத்தா."

அவர் ரம்பத்தை எடுத்துக்கிட்டு, அடுத்த தெரு வேப்பங்கன்னுகிட்ட அவளைக் கூட்டிட்டுப் போனார். கூண்டு அங்கயும் கழுத்தை நெருங்கியிருந்துச்சு.

"இதுலயும் யாரோ பேரு இருக்கு தாத்தா."

"இருக்கட்டும். எங்க அறுக்கணும், நீ சொல்லு."

கர்ர்... கர்ர்...

காத்தும் அடங்குச்சு, கதையும் அடங்குச்சு. கண்ணை மூடு.