திருவேங்கடத்தின் சுவரில் ஓர் ஓட்டை

வீட்டுக்காரர் திருவேங்கடத்தின் சுவரில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. மாடி அறையில் குடியிருந்த நர்ஸ் செல்வமேரிக்கு இரவெல்லாம் டியூட்டி. பகலில் தூங்கினால்தான் உண்டு. வெயிலில் அறையோ கொதித்தது.

"ஏசி மாட்ட ஒரே ஒரு ஓட்டை, சார்."

"நகர்த்துற ஏசி வச்சுக்கம்மா. ஓட்டையே வேணாம்."

அப்படியே ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் சூடான காற்றை வெளியேற்றும் குழாயை அறையின் ஒரே ஜன்னல் வழியே வெளியே விட்டாள். வெளியே இருந்தது, திருவேங்கடம் மத்தியானம் பேப்பர் படிக்கும் மாடி வராண்டா.

இரண்டாம் நாளே கதவைத் தட்டினார்.

"மூஞ்சியில அனல் அடிக்குது! வேற பக்கம் திருப்பும்மா."

"இருக்கிறது ஒரு ஜன்னல்தானே, சார்? சுவர்ல மாட்டுற ஏசின்னா சூடு மொட்டைமாடிக்குப் போயிடும். ஆனா, உங்க சுவராச்சே..."

மறுநாள் துளை போட வந்தவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார் திருவேங்கடம்.

"தாராளமாவே போடுப்பா, குழாய் மாட்டிக்கப் போகுது!"