குழித்த கை

ஒரு லைன் வீட்டுக்கு ஒரு நாள் ஒரு சட்டை வந்து சேர்ந்தது. உடுத்திக்கொண்டு வெளியே போகிற சட்டை அல்ல. பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய் வழியாகக் காற்று ஏறியதும் சட்டை உப்பும், பிறகு கடகடவென்று அதிரும்.

அந்த வீட்டில் பிலோமினாவும் அவளுடைய ஏழு வயது மகள் ஜெனிஷாவும் இருந்தார்கள். பிறந்ததிலிருந்தே பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டும். அது யாருக்கும் தொற்றாது. ஆனால் வெளியே வராமல் தங்கிவிட்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

அதுவரை சளியை இளக்கியது பிலோமினாவின் வலது கைதான். தண்ணீர் அள்ளுவதுபோல் குழித்துக்கொண்டு, காலையும் மாலையும் பிள்ளையின் முதுகில் தட்டும்.

“இனி நீ சும்மா இரு,” என்றது சட்டை. “நீ ஒரு தட்டு தட்டுததுக்குள்ள நான் பத்து தட்டு தட்டிருவேன்.”

“தட்டு. அவளுக்கு இடது பக்கந்தான் கூடுதலா கட்டும், பாத்துக்க,” என்றது கை.

“எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்.”

ஜெனிஷாவுக்குச் சட்டையைப் பிடித்துப்போயிற்று. அது அதிரும்போது பேசினால் குரலும் அதிரும். “அ-அ-அம்மா, நா-நான் ஆ-ஆட்டோல போறேன்,” என்று சிரிப்பாள்.

நெஞ்சுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த சளிக்கு மூன்றாம் நாளே பிடி விட்டுப்போயிற்று. உருண்டு மேலே வந்தது. தொண்டையில் இருமல் காத்திருந்தது.

“வா, உனக்காகத்தான் நிக்கேன். வெளிய போ,” என்று இருமல் ஒரு தள்ளு தள்ளியது.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அடுத்த வீட்டு ரீத்தாவின் குரல் வந்தது. “எக்கா, பிள்ளைக்கு இன்னும் இருமல் விடலியா? எங்க வீட்டுல கைப்பிள்ள கெடக்கு, பாத்துக்கிடுங்க.”

“அது தொத்தாது ரீத்தா,” என்றாள் பிலோமினா. ஆனால் அந்தப் பேச்சு சுவர்வரை போகவில்லை. அவளுடைய கை அதற்குள் பிள்ளையின் வாயைப் பொத்தியிருந்தது. “மெதுவா மக்களே. அடக்கிக்க.”

ஜெனிஷா அடக்கிக்கொண்டாள். சளி வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்தது.

அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டையை நிறுத்தி, பிள்ளையை நன்றாக இருமச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிலோமினா சரியாக நிறுத்தினாள். நிறுத்திய உடனே வாயில் கையை வைத்தாள். இப்படியே இரண்டு வாரம் போயிற்று.

“இவ்வளவு ஆட்டியும் நெஞ்சு ஏன் கரகரங்குது?” என்று சலித்துக்கொண்டது சட்டை.

சளி சிரித்தது. “நீ எழுப்பி வாசல் வரைக்கும் கொண்டு விடுத. வாசல்தான் பூட்டிக் கெடக்கே. எனக்கென்ன, தினம் ரெண்டு தடவ ஊஞ்சல்.”

“யாரு பூட்டுனது?”

“அந்தா, அவகிட்ட கேளு,” என்றது இருமல், கையைக் காட்டி. “உன்னயத் தொடச்சு மடிச்சு வைக்கவளும் அவதான். என்னயப் போட்டு அமுக்குதவளும் அவதான்.”

கை தலையணை உறையை நீவிக்கொண்டே சொன்னது: “பக்கத்து வீட்டுல கேக்கும்லா. தொத்து நோயின்னு நெனச்சுட்டா?”

“நெனைக்கட்டுமே. பிள்ளைக்குப் பதிலா ரீத்தாவா மூச்சு விடப்போறா?” என்றது இருமல்.



அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெனிஷாவுக்கு மூச்சு இழுத்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போயிற்று. பிலோமினா சட்டையை மாட்டிவிட்டாள். சட்டை அதிர்ந்தது. சளி ஏறி வந்து தொண்டையில் அடைத்து நின்றது. பிள்ளையின் உதடு கறுத்தது.

கை இந்தத் தடவை மடியை விட்டு அசையவில்லை. ஆனால் ஜெனிஷாவின் சின்னக் கை தானாக எழுந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. அவள் சுவரைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள் விரலிடுக்கில். “ரீத்தா அத்தைக்குக் கேக்குமா?”

பெரிய கை எழுந்தது. சின்னக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியது.

“கேக்கட்டும். நல்லா கேக்கட்டும். இருமு மக்களே, இருமு!”

இருமல் வந்தது. இரண்டு வாரம் பொத்தி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

“எக்கா, என்னக்கா அது?” என்றாள் ரீத்தா.

“சளி வருது ரீத்தா! நல்லா வருது!” என்று சுவருக்குக் கேட்கிறாற்போல் கத்தினாள் பிலோமினா.

ஜெனிஷா நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். சட்டையின் அதிர்வு நின்றிருந்தது. பிள்ளையின் தாடைக்குக் கீழே, வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு கை இருந்தது. முதுகில் தட்டியபோதும், வாயைப் பொத்தியபோதும் எப்படிக் குழிந்திருந்ததோ, அப்படியேதான் இப்போதும் குழிந்திருந்தது.