பிரித்த தையல்

குருவுக்குச் சீடரைவிட ஆறு வயது குறைவு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சீடர் செம்மலை குருவைச் "சாமி" என்பார். குரு செம்மலையை "அண்ணே" என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அன்று காலை குரு மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செம்மலை செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"சாமி, ஒரு கதை வேணும். என் மக வஞ்சிக்கு."

வஞ்சிக்கு ஐந்து வயது. வீட்டுக் கொல்லையில் ஓர் அத்திச்செடி. அதில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, மூன்று முட்டை இட்டிருந்தது. பல் தேய்த்த கையோடு அப்பனும் மகளும் அங்கே போய் நின்றுவிடுவார்கள். அணிலுக்கு ஒரு பேர், ஓணானுக்கு ஒரு பேர் வைத்து வஞ்சி போடுகிற கூச்சலில் தெருவே விழித்துக்கொள்ளும். முட்டை சரியாகத் தெரியவில்லை என்று ஒருநாள் சிணுங்கினாள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் பிளேடால் நாலு தையலைப் பிரித்து, இலையை விலக்கிவிட்டார். சிட்டு அதோடு வரவில்லை.

"நான் கத்தினதாலதான் போயிடுச்சாப்பான்னு கேட்டா, சாமி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்கும்னு சொல்லிட்டேன்."

குரு குடத்தைக் கீழே வைத்தார்.

"மூணு நாளா வீட்ல சத்தமே இல்ல. நுனிக்கால்ல நடக்குறா. தண்ணி வேணும்னாக்கூட காதுல வந்து சொல்றா. அவ மனசு தேறுற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"வாங்க, போய்ச் சொல்லுவோம்."

கொல்லையில் வஞ்சி கை நிறைய அரிசியோடு உட்கார்ந்திருந்தாள். குருவைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். அவர் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குருவி ஏன் போச்சு சாமி?" கிசுகிசுத்தாள்.

"எனக்குத் தெரியாதே தாயி. அந்தக் கதை அப்பாகிட்டதான் இருக்கு."

இப்படி மாட்டிவிட்டாரே என்று செம்மலைக்குக் கோபமாக வந்தது. குரு ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கத்தினதால இல்லம்மா," என்றார் செம்மலை. "அப்பாதான் தையலைப் பிரிச்சேன். உன்கிட்ட பொய்யும் சொன்னேன்."

"நான் இல்லையா?"

"நீ இல்லம்மா."

அவள் முகம் கோணியது. அரிசியை அப்படியே அவர்மேல் வீசியடித்தாள். "போப்பா! போ!" என்று அலறினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அழுதுகொண்டே உள்ளே ஓடியவள், அம்மாவின் ஊசிநூல் டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"தைச்சுக் குடு."

செம்மலை ஊசியை வாங்கினார். நூல் காதில் நுழையவே இல்லை.

"எச்சில் தொட்டுக் கோத்துப் பாருப்பா!" என்று கத்தினாள்.

ஒருவழியாக இரண்டு தையல் போட்டுவிட்டு, குருவை வழியனுப்ப வாசலுக்கு வந்தார். செம்மலையின் தலைமுடியில் இன்னும் அரிசி ஒட்டியிருந்தது.

"முட்டை சில்லுனு கிடக்கு சாமி. தைச்சாலும் இனிமே குருவி வராது."

"அப்பா! நூல் அவுந்துபோச்சு! சீக்கிரம் வா!" கொல்லையிலிருந்து தெருக்கோடிக்கே கேட்கிற மாதிரி ஒரு கூப்பாடு.

"பிள்ளை வந்துட்டா அண்ணே," என்றார் குரு. "போங்க."