நாலாவது கேள்வி

"மூணாவது ஆளும் போயிட்டார், அண்ணாச்சி," என்றார் கோயில்பிள்ளை.

கையில் ஒரு வெள்ளை ஏப்ரன். மடிப்புக் கலையாமல் இருந்தது.

தாணுலிங்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் பல் டாக்டர். அந்தத் துறைமுக ஊரில் இருந்த ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் லாட்ஜுக்கு அந்த வருஷம் அவர்தான் மாஸ்டர், அதாவது தலைவர்.

ரூம் கிடைக்குமா என்று கேட்டு இன்னமும் ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிற லாட்ஜ் அது. உள்ளே மொத்தமே இருபத்திரண்டு பேர். கூட்டத்தில் ஆளுக்கொரு வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொள்வார்கள்.

"யாரு, மீரான் பாயா?"

"அவரேதான். காலையில என் ஆபீஸுக்கு வந்தார். இதை மேஜையில வச்சார். 'நமக்கு இது சரிப்படாது தம்பி'ன்னார். போயிட்டார்."

"நீரு என்ன சொன்னீரு?"

"நான் வாயத் தொறக்குறதுக்குள்ள போயிட்டார்."

"அதிசயம்தான்," என்றார் தாணுலிங்கம்.

அது கிண்டலா இல்லையா என்று கோயில்பிள்ளைக்குத் தெரியவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கோயில்பிள்ளையின் பொறுப்பு. அவரிடம் படித்தவர்களில் ஏற்கெனவே ரெண்டு பேர் விலகியிருந்தார்கள். முதல் படியில் இருப்பவர் இரண்டாம் படிக்குப் போக வேண்டுமென்றால் எல்லார் முன்னாலும் நின்று பதினொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மனப்பாடமாக. தாளைப் பார்க்கக் கூடாது.

மீரானுக்கு ஐம்பத்தாறு வயது. ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தார். டீயா காபியா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்லுவார்.

இரண்டு தடவை எழுந்து நின்றார். இரண்டு தடவையும் நாலாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

"நான் என்ன குறை வச்சேன்?" என்றார் கோயில்பிள்ளை. "வாரத்துல மூணு நாள் அவர் ஃபேக்டரிக்கே போனேன். குளிர்ல நடுங்கிக்கிட்டே சொல்லிக்கொடுத்தேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அன்னைக்கு அவர் தடுமாறின உடனே எடுத்துக் கொடுத்தேன். நான் மட்டுமா? சுத்தி இருந்த எல்லாருமே எடுத்துக் கொடுத்தாங்க! இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்யணும்? சொல்லுங்க."

"வாயத் தொறயும்."

"எனக்குப் பல்லுல ஒண்ணுமில்ல."

"தொறயும் வே."

நாற்காலியில் சாய்த்தார். இந்தப் பக்கம் ஒரு பஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பஞ்சு. நடுவில் கண்ணாடி.

"மீரான் ஃபேக்டரி ஆரம்பிச்சு எத்தனை வருஷம் இருக்கும்?"

"ஆ..."

"இருபது இருக்கும். அதுக்கு முன்ன?"

"ஆஆ..."

"துபாய். ஆமா. அப்புறம் ஏன் ஊருக்கு வந்தார்?"

கோயில்பிள்ளைக்குத் தெரியும். பஞ்சை எடுங்கள் என்று கையை ஆட்டினார்.

"உடம்புக்கு முடியாம வந்திருப்பார்," என்றார் தாணுலிங்கம்.

தப்பு. மீரான் தன் தம்பி கல்யாணத்துக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். கோயில்பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

பஞ்சு வெளியே வந்தது.

"பல்லு நல்லா இருக்கு. போயிட்டு வாரும்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு மீரானைக் கூட்டிட்டு வாரும். அவர் வரலைன்னா ஏப்ரனை நானே வாங்கி வச்சுக்கிறேன். கூடவே உம்ம பொறுப்பையும்."

கோயில்பிள்ளை கன்னத்தைத் தடவிக்கொண்டே படி இறங்கினார். ஒரு எழவும் புரியவில்லை. கோபம் மட்டும் வந்தது.

நேரே ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார்.

"ஒரே ஒரு தடவை பாய். கடைசியா."

மீரான் யோசித்தார்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் கோயில்பிள்ளை ஏன் வர வேண்டும் என்று மூன்று காரணம் சொல்லி முடித்துவிட்டார்.

"நான் நின்னுட்டா நாலு பேரு நாலு வார்த்தை சொல்றாங்க தம்பி," என்றார் மீரான். "அதுல என் வார்த்தை எதுன்னே எனக்குத் தெரியல."

"அதுக்குத்தான் பாய் ஒரு வழி வச்சிருக்கேன். நான் மட்டும் மெதுவாச் சொல்றேன். நீங்க என் வாயை மட்டும் பாருங்க, வேற யாரையும்..."

மீரான் சிரித்தார். எதற்குச் சிரித்தார்? கோயில்பிள்ளைக்கு விளங்கவில்லை.

"வர்றேன்," என்றார் மீரான். "உங்க மூஞ்சிக்காக. அன்னைக்கும் நின்னேன்னா அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தாணுலிங்கம் சுத்தியலால் மேஜையைத் தட்டினார். கூட்டத்தைத் திறக்கிற வாசகத்தை ஆரம்பித்தார். ஒவ்வொரு மாதமும் சொல்லுகிற வாசகம்தான். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார்.

பாதி வரியில் நின்றுவிட்டார்.

அடுத்த வார்த்தை வரவில்லை.

இருபத்திரண்டு பேருக்கும் அந்த வரி தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மறந்துவிட்டாரா? மயக்கமா? சுகர் இறங்கிவிட்டதா? கோயில்பிள்ளை கையைப் பிசைந்தார். ஒருத்தர் இருமினார். தாணுலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு முழு நிமிஷம் போயிருக்கும்.

அப்புறம் அவரே அந்த வரியைச் சொன்னார். ஒன்றுமே நடக்காத மாதிரி மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

"பிரதர் மீரான்," என்று கூப்பிட்டார்.

மீரான் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரையின் நடுவில் போய் நின்றார்.

முதல் கேள்வி. சொன்னார்.

இரண்டாவது. சொன்னார்.

மூன்றாவதுக்குக் கொஞ்சம் இழுத்தார். சொன்னார்.

நாலாவது.

மீரான் நின்றுவிட்டார்.

அவர் நெற்றியில் வேர்வை. பக்கத்து வரிசையில் ரெண்டு பேர் முன்னால் சாய்ந்தார்கள். கோயில்பிள்ளை நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தேவிட்டார். முதல் எழுத்து அவர் உதட்டுக்கு வந்துவிட்டது.

சுத்தியல் டொக் என்று விழுந்தது.

"பிரதர் கோயில்பிள்ளை."

"மாஸ்டர்?"

"கொஞ்சம் முன்னாடி நான் நின்னேனே, அந்த வரி உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், மாஸ்டர்."

"அப்புறம் ஏன் எடுத்துக் கொடுக்கல?"

இது என்ன கேள்வி? அதுவும் இந்த நேரத்தில்? அங்கே ஒரு மனுஷன் நடுவில் தவித்துக்கொண்டு நிற்கிறான்!

"உங்களுக்கு எப்படியும் வந்துடும்னு தெரியும் மாஸ்டர். அதான் பேசாம இருந்..."

வார்த்தை முடியவில்லை.

மீரான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில்பிள்ளை மெதுவாக உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்த ரெண்டு பேரும் பின்னால் சாய்ந்தார்கள்.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மீரான் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பதில் எனக்குத் தெரியும்," என்றார். "கொஞ்சம் இருங்க."