தங்கல் வரியும் படகுத்துறைத் தலைவரும்

ஒரு காலத்திலே, நாலு பக்கமும் ஆறு சுற்றியோடும் நீலத்தீவு என்ற ஊரைத் தலைநகராக வைத்துக்கொண்டு அதிரூபராஜன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாப்பாட்டுக்கு அப்புறம் வேறொரு புத்தி. கடைசியாகக் காதருகே யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே அன்றைக்குச் சட்டம்.

மாசி நீராட்டுக்கு அந்தத் தீவில் கூட்டம் நெரியும். சத்திரங்கள் போதாது. "வீட்டில் அறை சும்மா வைத்திருக்கிறவர்கள் யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு விடட்டுமே" என்று யோசனை சொன்னவர் அமைச்சர் தீர்த்தகிரி. ராஜாவும் சரியென்று, வெளியூரார் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு காசு 'தங்கல் வரி' போட்டார். தங்குகிறவர்தான் கட்டவேண்டும், வீட்டுக்காரர் இல்லை. வசூல் செய்கிற பொறுப்பு படகுத்துறைத் தலைவர் வல்லபநாதருக்கு. அவருடைய ஆட்கள் துறையிலேயே வாடகையையும் வரியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, மணிக்கட்டில் பச்சைக் கயிறு ஒன்றைக் கட்டி, இன்ன வீட்டுக்குப் போ என்று அனுப்புவார்கள். அப்புறம் வாடகை வீட்டுக்காரருக்கும் வரி கஜானாவுக்கும் போய்ச் சேரவேண்டும். அதுதான் ஏற்பாடு.

இந்த யோசனையால் தீர்த்தகிரிக்கு ஊரெல்லாம் நல்ல பேர். வல்லபநாதருக்கோ வயிறு எரிந்தது. ஒருநாள் ராஜாவின் காதருகே போய் நின்றார்.

"மகாராஜா, தங்கல் வரியில் கால்வாசிகூடக் கஜானாவுக்கு வரவில்லை. வீட்டுக்காரர்கள் எனக்குத் தெரியாமல் ஆளை ஏற்றிக்கொண்டு வரியை விழுங்குகிறார்கள். எல்லாம் அமைச்சர் கொடுத்த இடம்."

"அப்படியா? வரி வராத வீட்டையெல்லாம் பூட்டு. பொழுது சாய்வதற்குள் கட்டாவிட்டால் ஏலம் போடு" என்றார் ராஜா. அது சாப்பாட்டுக்கு அப்புறம்.

அப்படிப் பூட்டிய வீடுகளில் ஒன்று அன்னக்கொடியுடையது. அவள் புருஷன் மிளகு ஏற்றிக்கொண்டு கடல்மேல் போயிருந்தான். இடுப்பிலே பல்கூட முளைக்காத பெண் குழந்தை. அந்த ஒற்றை அறையின் வாடகையில்தான் அடுப்பு எரிந்தது. காவலர் கதவில் அரக்கு முத்திரை வைத்தபோது குழந்தையின் தூளி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. வீடு ஏலம் போனால் இதை எங்கே படுக்கவைப்பேன் என்ற ஒரே நினைப்பில் அவள் அரண்மனைக்கு நடந்தாள். சபையின் நடுவே போய் நின்றாள். குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"மகாராஜா, கயிறு கட்டாத கையை நான் வாசல்படி தாண்ட விட்டதே இல்லை. விடக்கூடாதுன்னு துறையில சொல்லியிருக்காங்க."

"அகப்பட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்று சிரித்தார் வல்லபநாதர்.

தீர்த்தகிரி எழுந்தார். அன்னக்கொடிக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் பேசியதைக் கேட்டு வந்த மூச்சும் நின்றது.

"துறைத்தலைவர் சொல்வதுதான் சரி, மகாராஜா. திருட்டுத்தனமாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் துறையைத் தாண்டாமல் இந்தத் தீவுக்குள் கால் வைக்க முடியாதே. அப்படியானால் முக்கால்வாசிப் பேர் இவர் கண்ணெதிரே காசு கொடுக்காமல் நழுவியிருக்கிறார்கள். பாவம், இவருக்கும் வயதாகிறது, பார்வை மங்கல். துறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்."

சபையில் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வல்லபநாதருக்கு மீசை துடித்தது.

"யாருக்கய்யா பார்வை மங்கல்? என் துறையில் காசு வைக்காமல் ஓர் ஈ தாண்டாது."

"ஈயை விடுங்கள். இருட்டில் ஒன்றிரண்டு பேர்?"

"இருட்டினால் படகே கிடையாது."

"சாமியார்கள்?"

"காவி கட்டினாலும் காசு, கட்டாவிட்டாலும் காசு."

"மகாராஜாவின் மைத்துனர் வந்தாரே, அவரை எப்படிக் கேட்டிருப்பீர்கள்?"

"அவரிடமும் வாங்கினேன்."

"ஆமாம், என்னிடம் வந்து மூக்கால் அழுதான்" என்றார் ராஜா, ரொம்பச் சந்தோஷமாக.

"அப்படியானால் ஒருவர்கூடத் தப்பவில்லை. சபையறியச் சொல்வீர்களா?"

"சபையறிய, சத்தியமாக" என்று மார்தட்டினார் வல்லபநாதர்.

தீர்த்தகிரி ராஜாவின் பக்கம் திரும்பினார். "அவ்வளவுதான், மகாராஜா. வந்தவர்கள் எல்லோரும் துறையிலேயே வரி கட்டிவிட்டார்களாம். இந்தப் பெண் எதற்காக இன்னொரு தரம் கட்டவேண்டும்? அந்தக் காசு துறையிலிருந்து கஜானாவுக்கு வரும் வழியில் எங்கே தங்கிவிட்டது என்று மட்டும் கேளுங்கள்."

"இல்லை... ஒருசிலர் தராமலும்..." என்று இழுத்தார் வல்லபநாதர்.

"தராமல் வந்தார்களென்றால் நீங்கள் துறைக்கு லாயக்கில்லை. தந்துவிட்டு வந்தார்களென்றால் காசு உங்களிடம். எது வசதியோ அதைச் சொல்லுங்கள்."

வல்லபநாதர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசியில், காசெல்லாம் தன் தென்னந்தோப்பில் புதைந்திருப்பதாக ஒப்புக்கொண்டார்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். "துறையில் ஒரு தரம் வாங்கினால் வாங்கியதுதான். இனி எந்த வீட்டு வாசலிலும் தங்கல் வரி கேட்டு யாரும் நிற்கக்கூடாது. பூட்டைத் திறங்கள். அம்மா, ஒரு காதால் கேட்டது என் தப்பு" என்றார்.

அன்னக்கொடிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ராஜாவை வணங்கினாள். தீர்த்தகிரி முன்னால் போய்க் குனிந்தாள்.

"எனக்கு எதற்கம்மா நன்றி? நான் கேள்விதானே கேட்டேன். உன் வீட்டைத் திறந்தது வல்லபநாதர் சொன்ன பதில்" என்றார் அவர் விளையாட்டாக.

அவளுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. நேரே வல்லபநாதரிடம் போனாள். ஒரு கையில் குழந்தை இருந்ததால் மறு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நீங்க எத்தனையோ மறைச்சிருக்கலாம். ஆனா எல்லாரும் காசு கொடுத்தாங்கன்னு உண்மையைச் சொன்னீங்க. அதனாலதான் என் பிள்ளை இன்னிக்கு வீட்டில தூங்கப்போகுது. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். சபையில் சிரிக்க ஆரம்பித்தவர்கள்கூட அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

தண்டனை என்னவென்று ராஜா யோசித்துக்கொண்டிருந்தார். வல்லபநாதர் தாமாகவே துறைத்தலைவருக்குரிய தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தார். அவள் வாழ்த்துக்குமேல் அவருக்கு வேறு தண்டனை தேவைப்படவில்லை.